பதினான்கு மேசைகள், பன்னிரண்டு பற்கள்

எங்கள் கார் திரும்ப அழைக்கப்பட்ட அன்று நானும் என் மனைவியும் நல்ல உடை உடுத்திக்கொண்டு போனோம். அழைப்பு அப்படி இருந்தது. காரின் ஸ்கிரீனில் மூன்று நாளாகப் பூப்போட்ட ஓரத்துடன் ஓர் அட்டை மின்னிக்கொண்டே இருந்தது. "உங்கள் பெல்ட் தொடர்பாக ஓர் அன்பான சந்திப்பு. குடும்பத்துடன் வருக." அதற்குக் கீழே எறும்பு எழுத்தில், வராதவர்களைக் கார் தானாகவே அழைத்து வந்துவிடும் என்று போட்டிருந்தது.

நான் லிஃப்ட் பரிசோதகன். இருபத்தாறு வருஷமாகக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறேன். எந்த லிஃப்ட்டுக்குள் போனாலும் முதலில் சிவப்புப் பொத்தானைத்தான் தேடுவேன். அதை அழுத்தினால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கதவில் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவேன். என் வேலை அவ்வளவுதான்.

கார் என்னுடையது இல்லை, மனைவியுடையது. அவள் பல் மருத்துவர். பதினைந்து வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே கிளினிக்குக்குப் போய் வந்தவள். காலையிலிருந்து சாயந்திரம்வரை காதருகே டிரில் சுற்றும். "ஒரு நாளைக்கு அரை மணி நேரமாவது சத்தமே இல்லாத இடத்துல உக்காரணும்ங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த மின்சாரக் கார் ஓடுவது ஓட்டுபவருக்கே தெரியாது என்றார்கள். வாங்கினாள். முதல் வாரம் கிளினிக் முடிந்து வந்த பிறகும், வாசலில் நிறுத்திய காருக்குள்ளேயே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். நான் டீயை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இரண்டாவது மாதம் அவளுடைய தோளில் ஊதா நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. சட்டையின் முதுகுப் பொத்தானைப் போட்டுவிடும்போது பார்த்தேன். பெல்ட் லேசாக இறுக்குகிறது என்றாள். நான் புகார் எழுதினேன். அதற்குத்தான் இந்த அழைப்பு.

சர்வீஸ் நிலையம் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். அது வரவேற்பு மாளிகை. வெள்ளைத் தரை, எங்கிருந்தோ வரும் மல்லிகை வாசம், வரிசைக்குப் பித்தளைத் தூண்களில் கட்டிய சிவப்புக் கயிறு. தரையில் ஒளிவட்டம் ஒன்று தெரிந்தது. கார் தானாகவே அதற்குள் போய் நின்றது. என் பெல்ட் விட்டுக்கொண்டது.

"நீங்க போய்ப் பேசிட்டு இருங்க. தலையைச் சரி பண்ணிட்டு வந்துடறேன்" என்றாள் மனைவி.

முதல் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இடது கையைக் கம்பெனி நிறத்துப் பட்டுத்துணியில் கழுத்தோடு தொங்கவிட்டிருந்தாள்.

"வாழ்த்துகள் சார்."

"எதுக்கும்மா?"

"உங்க கார் திரும்ப அழைக்கப்பட்டிருக்கே. எல்லாருக்கும் கிடைக்காது சார் இது." ஒற்றைக் கையால் தட்டி எங்கள் ஃபைலைத் திறந்தாள்.

பின்னாலிருந்து 'கிடுக்' என்று ஒரு சத்தம் வந்தது. கூடவே காரின் நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

"என்னங்க, இது என்னமோ இழுக்குது" என்று மனைவி குரல் கொடுத்தாள். ஜன்னல் நான்கு விரல் அளவு திறந்திருந்தது.

"பெல்ட் இறுக்குதும்மா. அதான் எங்க புகார்" என்றேன்.

"'இறுக்குது'ன்னு போட முடியாது சார். அந்த வார்த்தை எங்க லிஸ்ட்லயே இல்ல. 'அணைக்குது'ன்னு போட்டுக்கறேன்." தட்டினாள். கிடுக். "உரிமையாளருக்கு நீங்க என்ன உறவு?"

"கணவன்."

"அச்சச்சோ, டிரைவர்னு போட்டுட்டேன். மாத்திடறேன்." கிடுக்.

காரிடம் ஓடினேன். அந்த பெல்ட் இரண்டு தோள் வழியாகவும் இறங்கி நெஞ்சில் சேர்வது. விமானிகளுக்குப் போடுவது போல என்று விற்கும்போது பெருமையாகச் சொன்னார்கள். இப்போது அது என் மனைவியின் இரண்டு மேற்கைகளையும் உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தது. சீப்பு அவள் விரலிலேயே நின்றுவிட்டது.

"கதவைத் திறடி."

"திறந்தா உக்காந்திருப்பேனா? கேட்டா, 'உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்'னு சொல்லுது. ஜாக்கெட் தையல் விட்டுப்போச்சுங்க."

காரின் குரல் பெண் குரல். தாலாட்டுப் பாடுவது போல் இருக்கும். அது மறுபடி சொன்னது: "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்."

கதவைப் பிடித்து இழுத்தேன். இந்தக் காரில் கைப்பிடி கிடையாது. கண்ணாடியைக் கையால் தட்டினேன். சுத்தியலுக்கும் உடையாத கண்ணாடி. அதையும் விற்கும்போது சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து சோபாவில் காத்திருந்தவர்கள் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள். ஒருவருக்குக் கழுத்தில் பட்டை. ஓர் அம்மாவுக்கு நெற்றியில் தையல். நடுவில் இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு ஒரு நகைக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அவருக்குக் காபி புகட்டிக்கொண்டிருந்தார்.

"முதல் தடவையா?" என்று கேட்டார் நகைக்கடைக்காரர்.

"ஆமாங்க. உள்ள என் மனைவி."

"பதறாதீங்க. எனக்கு இது மூணாவது தடவை. முதல்ல இந்தக் கை, அப்புறம் அந்தக் கை."

"அப்புறமும் ஏன் இதையே வச்சிருக்கீங்க?"

அவர் காபியை விழுங்கிவிட்டு யோசித்தார். "சத்தமே இல்லாம ஓடுதே சார்."

"அவருக்கு அந்தக் காரைக் குறை சொன்னாப் பிடிக்காது" என்றார் அவர் மனைவி, உதட்டைத் துடைத்துவிட்டபடி. "என்னை எத்தனை வேணா சொல்லலாம்."

அதற்குள் ஃபைல் இரண்டாம் மேசைக்குப் போயிருந்தது. அங்கிருந்தவரின் வேலை, முதல் மேசை எழுதியதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. பிழை இல்லை. முத்திரை குத்தினார். கிடுக். மூன்றாம் மேசைக்காரர் கேமராவோடு எழுந்து வந்து கார் ஜன்னல் அருகே குனிந்தார்.

"மேடம், ஃபைலுக்கு ஒரு போட்டோ. கொஞ்சம் சிரிங்க."

என் மனைவி அவரைப் பார்த்த பார்வையை நான் இருபத்துமூன்று வருஷத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் நான் வீட்டைவிட்டு வெளியே போய்விட்டுத்தான் திரும்பினேன். அவர் போகவில்லை, எடுத்தார். "முகம் ரொம்பச் சிவப்பா விழுது. பரவாயில்ல, ஏத்திடறேன்."

கிடுக்.

இந்த முறை இன்னொரு சத்தமும் கேட்டது. காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அது.

மனைவி கண்ணை மூடித் திறந்தாள். நோயாளிகளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: "இடது பக்கம். அஞ்சாவது விலா எலும்பு. நுரையீரல் வரைக்கும் போகல. நீங்க உக்காந்துடாதீங்க, முகம் வெளுத்துப்போச்சு உங்களுக்கு."

அப்போது காரின் முன்சக்கரத்தைத் துடைப்பது போல் ஒரு மெக்கானிக் வந்து உட்கார்ந்தான். அவனும் கழுத்துப்பட்டை போட்டிருந்தான். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சார், என்னைப் பார்க்காதீங்க. ஃபைல்ல ஏதாவது ஒண்ணு எழுதினா, கார் உடனே தன்னைத்தானே ஒரு தடவை பரிசோதிச்சுக்கும். பெல்ட்ல புகார் இல்லையா, பெல்ட்டைச் சுத்தற சக்கரத்துல ஒரு பல் அளவு இழுத்துப் பார்க்கும்."

"இழுத்துட்டு விடாதா?"

"ஃபைலை மூடினா விடும்."

"மூட இன்னும் எத்தனை டேபிள்?"

"மொத்தம் பதினாலு டேபிள் சார். இப்பத்தான் மூணு தாண்டியிருக்கு."

"பெல்ட்டுக்கு எத்தனை பல்?"

அவன் துடைப்பதை நிறுத்தினான். "பன்னெண்டு."

நான் கணக்கு போட்டேன். இதுவரை ஐந்து விழுந்திருந்தது.

"பன்னெண்டாவது பல்லுல என்ன ஆகும்?"

"பதினொண்ணுக்கு மேல எண்ணிச் சொல்ல யாரும் இருந்ததில்ல சார்."

நான்காம் மேசைக்கு ஓடினேன். நான் பார்த்த அலுவலகங்களில் ஃபைலை நகர்த்தச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, தொடாதே என்று கெஞ்சினேன்.

"ஐயா, தயவுசெஞ்சு எதுவும் எழுதாதீங்க. அப்படியே வச்சுடுங்க. கிடப்புல போடுங்க."

நான்காம் மேசைக்காரர் புண்பட்டுப்போனார். அவருக்கு வலது காது கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. "சார், நாங்க அந்த மாதிரி ஆபீஸ் இல்ல. இங்க ஒரு ஃபைல் ஆறு நிமிஷத்துக்கு மேல தங்கினதா சரித்திரமே கிடையாது. வாடிக்கையாளர் பதட்டமா இருக்கார்னு குறிச்சு, அவசரம்னு போட்டு அனுப்பறேன்."

கிடுக். ஆறு. ஹாலின் மறுகோடியிலிருந்து என் மனைவி கத்தினாள். அவளுடைய அப்பா இறந்தபோதுகூட அவள் சத்தம்போட்டு அழவில்லை.

"புகாரே வேண்டாம். வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன்.

"அது அஞ்சாம் டேபிள்."

ஐந்தாம் மேசையில் குறைதீர்க்கும் அதிகாரி இருந்தார். கண்ணாடி அறை, கண்ணாடி மேசை. வலது கையில் மூன்று விரல்கள்தான். அந்த மூன்றிலும் மோதிரம் போட்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இடையில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. அவ்வளவு மரியாதை.

"உங்க வலி எனக்குப் புரியுது" என்றார். "இருந்தாலும், வாபஸ்னு ஒண்ணு இங்க இல்ல சார். எங்க கார்மேல குடுத்த புகாரை நீங்க வேண்டாம்னு சொல்றது, எங்க புகார் முறைமேல ஒரு புகார். அதுக்குப் புது ஃபைல். உரிமையாளர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவங்க எப்படி வருவாங்க? உங்க கார்தானே பிடிச்சு வச்சிருக்கு?"

"அப்ப, 'உரிமையாளர் வர விரும்பவில்லை'." மூன்று விரலாலும் அழகாகத் தட்டினார்.

கிடுக். ஏழு. கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். என் மனைவியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அதுவரை நான் யாரையும் அடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில்கூட வாங்கியதுதான் அதிகம். குறைதீர்க்கும் அதிகாரியின் பின்தலையைப் பிடித்துக் கண்ணாடி மேசையில் மோதினேன். மூக்கு உடைந்தது, மேசை உடையவில்லை. அது நல்ல கண்ணாடி. இன்னொரு தடவை மோதினேன். அவர் முகத்தைத் தூக்கி, மேல் உதட்டு ரத்தத்தை நாக்கால் ஒதுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"உறவினரோட உணர்ச்சி வெளிப்பாடு. இதுக்கு நீங்க காத்திருக்க வேண்டாம் சார், நேரா பதினோராம் டேபிளுக்கே அனுப்பறேன்."

கிடுக். எட்டு. காறை எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதே நேரத்தில் வெளியே ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள்.

புதிதாக ஒருவருக்குக் கார் கொடுக்கும் விழா அது. புத்தம்புதுக் காரைச் சுற்றி ரிப்பன், பக்கத்தில் அதை வாங்கியவர், அவர் கையில் பூங்கொத்து. கம்பெனியின் பாதுகாப்புத் தலைவர் வெள்ளித்தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். அங்கே காயம் எதுவும் இல்லாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் பஸ்ஸில் வருகிறவர் என்று பிறகு தெரிந்தது.

"நண்பர்களே, இந்தக் காரில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. பொத்தான் என்றால் என்ன? சந்தேகம். 'ஏதாவது ஆகிவிடுமோ' என்று பயப்படுகிறவனுக்குத்தான் பொத்தான் தேவை. நாங்கள் பயத்தை நீக்கவில்லை. பயந்தவர்கள் அழுத்தக்கூடியதை நீக்கினோம். எங்களைப் பற்றிப் புகார்கள் வருகின்றன என்கிறார்கள். வரட்டும். ஒரு புள்ளிவிவரம் சொல்கிறேன். எங்களிடம் ஒருமுறை புகார் கொடுத்தவர்களில் பத்தில் ஏழு பேர் மறுபடி எந்தப் புகாரும் கொடுத்ததே இல்லை. அவர்கள் வீட்டிலிருந்தும் யாரும் கொடுக்கவில்லை. இந்த அமைதியை வேறெந்தக் கம்பெனியாவது காட்ட முடியுமா?"

முடியாது என்பது போல் எல்லோரும் கைதட்டினார்கள். நகைக்கடைக்காரர் மாவுக்கட்டுகளை மோதிக்கொண்டார்.

நான் மேடையேறி அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். விழா நிற்கவில்லை. ரிப்பனை அவிழ்த்துக்கொண்டார்கள்.

ஜன்னல் இடைவெளிக்குள் கத்தரிக்கோலை விட்டேன். பெல்ட்டில் அதன் நுனி பட்டது. அவ்வளவுதான். கண்ணாடி மேலே ஏறியது. என் வலது கையின் இரண்டு விரல்களை, நடு முட்டிக்குக் கீழே, பாக்குவெட்டி போல் நெரித்தது. நான் போட்ட சத்தத்துக்குக் கார் அதே தாலாட்டுக் குரலில் பதில் சொன்னது: "அத்துமீறல் பதிவு செய்யப்பட்டது." கிடுக். ஒன்பது. விரல்கள் உரிமையாளருடையவை அல்ல என்று தெரிந்ததும் கண்ணாடி இறங்கி விட்டுவிட்டது. கத்தரிக்கோல் உள்ளே அவள் காலடியில் விழுந்தது. என் இரண்டு விரல்களும் வேறு யாருடையவையோ போல் பின்பக்கமாக மடிந்து கிடந்தன.

மெக்கானிக் இன்னும் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையைப் பிடித்தேன்.

"எங்கடா அந்தப் பொத்தான்? ஓடற சாமான் எதுவா இருந்தாலும் நிறுத்த ஒண்ணு இருந்தே ஆகணும்."

"பொத்தான் இல்ல சார். தீயணைப்பு ஆளுங்க சண்டை போட்டாங்கன்னு முன்பக்கம் பானெட்டுக்குள்ள ஒரு ஆரஞ்சு வயர் வச்சிருக்காங்க. அதை வெட்டினா கார் செத்துடும். கதவு, பெல்ட் எல்லாம் விட்டுடும்."

"பானெட்டைத் திற."

"பன்னெண்டாம் டேபிள் உத்தரவு குடுக்கணும்."

"உடைச்சா?"

"உடைக்கலாம் சார். ஆனா..." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒவ்வொரு அடியும் ஒரு புகாராப் பதிவாகும்."

மனைவியின் ஜன்னலுக்குப் போனேன். அவள் உதடு நீலமாகியிருந்தது. ஓரத்தில் ரத்தம் நுரைத்திருந்தது. மூச்சை மேலேயே வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பேசினாள். மெக்கானிக் சொன்னதெல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"இப்ப ஒன்பது. பத்து தாங்குவேன். பதினொண்ணும் தாங்கிடுவேன். பன்னெண்டு வேண்டாம்ங்க."

"என்னால முடியாதும்மா. நான் அடிச்சா உனக்குத்தானே விழும்?"

"நீங்க அடிக்கலன்னா அவங்க எழுதுவாங்க." நிறுத்தி, கொஞ்சம் காற்றைச் சேர்த்துக்கொண்டாள். "ரெண்டே அடி. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கற மாதிரி பத்து தடவை தட்டிப் பார்க்காதீங்க."

வரிசைக் கயிறு கட்டியிருந்த பித்தளைத் தூண் ஒன்றைப் பிடுங்கினேன். அடிப்பாகம் கனமான வட்டத்தட்டு. அதைத் தலைகீழாகத் தூக்கினேன். ஒடிந்த விரல்கள் உலோகத்தில் பட்டபோது கண்ணில் பொறி பறந்தது. மூடிய லிஃப்ட் கதவு எந்த இடத்தில் பலவீனம் என்று எனக்குத் தெரியும். விளிம்பு வளைகிற இடத்தில், பூட்டுக்கு ஒரு சாண் தள்ளி. பானெட்டும் ஒரு கதவுதான்.

முதல் அடி. தகடு குழிந்து ஓரம் தூக்கிக்கொண்டது. கிடுக். உள்ளே அவள் கத்தினாள். பத்து.

இரண்டு காவலாளிகள் ஓடி வந்தார்கள். ஒருவன் ரப்பர் தடியால் என் முதுகில் போட்டான். இன்னொருவன் முழங்காலுக்குப் பின்னால் போட்டான். நான் மண்டியிட்டேன், தூணை விடவில்லை. மண்டியிட்டபடியே, என் உடம்பின் மொத்தக் கனத்தையும் சேர்த்து, அந்தத் தூக்கிய ஓரத்தில் இரண்டாவது அடியை இறக்கினேன். பூட்டு தெறித்துப் பானெட் வாயைப் பிளந்தது.

கிடுக். இந்த முறை அவள் கத்தவில்லை. எந்தச் சத்தமும் வரவில்லை.

என் முன்னால் டங்கென்று ஒரு கட்டர் விழுந்தது. "கை தவறிடுச்சு" என்றான் மெக்கானிக், யாரிடமும் இல்லாமல்.

இடது கையால் எடுத்தேன். தடி என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று பானெட்டுக்குள் போய் எங்கேயோ உருண்டது. ஆரஞ்சு வயர் சுண்டுவிரல் தடிமன், அழகான வெள்ளை மூடியால் பாதி மறைத்து வைத்திருந்தார்கள். மூடியை நகத்தால் பிய்த்து, கட்டரின் வாய்க்குள் வயரைத் திணித்து, கைப்பிடி ஒன்றை நெஞ்சில் ஊன்றி, மற்றதை இழுத்து நெரித்தேன். காவலாளி என்னைக் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். அவன் இழுத்த இழுப்பில்தான் வயர் அறுந்தது. அதற்காக அவனுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஸ்கிரீன் அணைந்தது. தாலாட்டுக் குரல் பாதி வார்த்தையில் செத்தது. நான்கு கதவுகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன. பெல்ட் தளர்ந்து, என் மனைவி பக்கவாட்டில் சரிந்து, அந்த வெள்ளைத் தரையில் விழுந்தாள்.

நான் ஊர்ந்து போனேன். அடித்தார்கள், அடித்த இடம் தெரியவில்லை. அவள் வாயருகே காதை வைத்தேன். ஒன்றுமில்லை. பிறகு அடைத்த குழாயில் தண்ணீர் வருவது போல ஒரு மூச்சு வந்தது. அடுத்ததும் வந்தது. அந்த ஹாலில் அவ்வளவு அழகான சத்தம் வேறு எதுவும் அன்று கேட்கவில்லை.

பாதுகாப்புத் தலைவர் மைக்கை விடவில்லை. "பாருங்கள் நண்பர்களே. பத்தேகாலுக்கு வந்த புகார், பத்து ஐம்பதுக்குத் தீர்ந்தது. பெல்ட் தளர்ந்துவிட்டது. உரிமையாளர் வெளியே வந்துவிட்டார்."

மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு குறைதீர்க்கும் அதிகாரி வந்து குனிந்தார். "மேடம், தீர்வு திருப்தின்னு ஒரு கைரேகை மட்டும்" என்று என் மனைவியின் கட்டைவிரலைப் பிடித்தார். அவள் அவருடைய கட்டைவிரலை வாயில் வாங்கிக் கடித்தாள். தாடையின் எந்த இடத்தில் பலம் அதிகம் என்பதை அவள் படித்திருக்கிறாள். அவர் வெளியே எடுத்தபோது, எடுக்க முடிந்தது பாதிதான்.

"இதை எந்த டேபிள்ல எழுதுவீங்க?" என்று கேட்டுவிட்டு மயங்கினாள்.

விழா முடிந்து புதுக் காரை வாங்கியவர் பூங்கொத்தோடு எங்களைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். சத்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கொடுத்தார்கள். அவளுக்கு ஏழு விலா எலும்பும் காறை எலும்பும். எனக்கு இரண்டு விரலும் ஒரு பல்லும், முதுகு முழுக்க வரிவரியாகவும். "அந்தப் பல்லை எடுத்துட்டு வந்திருந்தா நானே வச்சு விட்டிருப்பேன்ல" என்று இரண்டு நாள் குறைபட்டுக்கொண்டாள். கம்பெனியிலிருந்து பூ வந்தது. கூடவே ஒரு கடிதம். வாடிக்கையாளர்மேல் வழக்குப் போடுவது அவர்கள் வழக்கம் இல்லையாம். தூணை மட்டும் திருப்பித் தரச் சொல்லியிருந்தார்கள்.

நான்காம் நாள் டிவியில் பாதுகாப்புத் தலைவர் வந்தார். முகம் வருத்தமாக இருந்தது.

"அண்மையில் நடந்த ஒரு துயரச் சம்பவத்தை நாங்கள் ஆழமாக ஆராய்ந்தோம். எங்கள் காரில் ஒரு குறை இருப்பதை மனம் திறந்து ஒப்புக்கொள்கிறோம். வெளியாட்கள் வெட்டக்கூடிய ஓர் ஆரஞ்சு வயர் அதில் இருக்கிறது. அதனால் ஒரு கார் உயிரிழந்தது. இனி ஒரு காருக்கும் அந்தக் கதி வரக்கூடாது. எங்கள் வரலாற்றின் மிகப்பெரிய திரும்ப அழைப்பை அறிவிக்கிறேன். நாற்பத்தோராயிரம் கார்களிலிருந்தும் அந்த வயரை இலவசமாக அகற்றித் தருகிறோம். வேலை சீக்கிரம் முடிவதற்காக, நாளை காலை எல்லாக் கார்களின் பானெட்டும் தானாகப் பூட்டுத் திறந்திருக்கும்."

மனைவி டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெல்ட்டுக்குப் பதில் இப்போது நெஞ்சில் கட்டு. அவளால் உட்கார முடியாது.

"நகைக்கடைக்காரர் போவார்" என்றாள்.

"முதல் ஆளாப் போவார்."

"அவர் பொண்டாட்டி காபி டம்ளரோட பக்கத்து சீட்ல இருப்பாங்க." என் கட்டில் பக்கம் தலையைத் திருப்பினாள். "உங்க இடது கை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என்ன என்னைப் பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க? நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

மறுநாள் காலை வரவேற்பு மாளிகையின் வாசலிலிருந்து தெருமுனைவரை கார்கள் நின்றன. கார்களுக்குள் எல்லோரும் பெல்ட் போட்டிருந்தார்கள், வரிசையில் நிற்பதற்கு அது விதி. மெக்கானிக் வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் செருப்பைச் சரிசெய்யக் குனிந்துகொண்டான், நிமிரவே இல்லை.

முதல் கார் நகைக்கடைக்காரருடையது. பானெட்டைத் தூக்கினேன். கட்டரை நெஞ்சில் ஊன்றி வயரை வெட்டினேன். கதவுகள் திறந்துகொண்டன. அடுத்த கார். அதற்கடுத்த கார். என்ன நடக்கிறது என்று முன்னால் இருந்தவர்களுக்குப் புரிந்து, அவர்கள் இறங்கி ஓடி வருவதற்குள், நான் பதினொன்றை முடித்திருந்தேன்.

சாயந்திரம் என்னை அதே ஆஸ்பத்திரிக்கு, அதே கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் மூடியிருந்தது. இடது கையிலும் கட்டு. மூச்சு விட்டால் எங்கேயோ குத்தியது. மனைவி தலையை மட்டும் திருப்பி, என்னை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"காவலாளிங்களா?"

"இல்லம்மா. கார்க்காரங்க. பதினொரு கார்ல இருந்தவங்களும் இறங்கி வந்து அடிச்சாங்க. நகைக்கடைக்காரர் ரெண்டு மாவுக்கட்டாலயும் அடிச்சாரு, அந்த அம்மா டம்ளரால."

"எல்லாரும் நல்லா அடிச்சாங்களா?"

"அடி பின்னிட்டாங்க" என்றேன். "ஒருத்தருக்கும் விலா, தோள், மூச்சு எதுலயும் ஒரு குறையும் இல்ல."